தொந்தியை ஈடு வைத்தவன்

என் தங்கையைக் கட்டிய கொன்சாகா லுப்வாமாவுக்குச் சொந்தமென்று இருந்தது அவனுடைய தொந்தி ஒன்றுதான். லாரி, காப்பிக் கிடங்கு, சிவப்புத் தகரம் வேய்ந்த வீடு எல்லாம் அந்தத் தொந்தியைக் காட்டிக் கடன் வாங்கியவை. நான் பொறாமையில் பேசுவதாக எங்கள் ஊர் நியெண்டோவில் சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். ஆணியும் தகரமும் விற்கிறவன் நான், என் உடம்பும் ஏறத்தாழ ஆணி மாதிரிதான் இருக்கும். ஆனால் இன்றுவரை யாரும் என் கடை வாசலில் வந்து நின்று பணத்தைக் கீழே வை என்று சொன்னதில்லை.

பெண் கேட்டு வந்த அன்று கொன்சாகாவும் ஒல்லிதான். பெண்ணின் அண்ணன் என்கிற முறையில் எனக்கு அவன் கொண்டுவந்த சேவல் அவனைவிடக் கொழுத்திருந்தது. காப்பி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். விவசாயிகளிடம் நேராகக் காய்ந்த காப்பிக்கொட்டை வாங்கி ஆலைக்கு விற்க வேண்டும் என்பது அவன் ஆசை. ஆசையில் தப்பில்லை. அதற்கு முதல் வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்கப் போனான்.

சங்கத் தலைவர் செப்யாலா ஒரு மாட்டு வியாபாரி. நாற்காலியின் இரண்டு பக்கமும் வழிகிற உடம்பு. கொன்சாகாவைச் சந்தைக்கு வந்த கன்றைப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி, கடைசியா எப்ப சாப்ட்ட?”

“காலைல சாப்ட்டேன் ஐயா.”

“உடம்புல ஒட்டவே இல்லையேப்பா. உன் வயித்தயே உன்னால நெரப்ப முடியல, எங்க பணப்பெட்டிய எப்படி நெரப்புவ?”

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ரோஷமுள்ளவனாக இருந்தால் அன்றோடு அந்தப் படியை மிதித்திருக்க மாட்டான். கொன்சாகாவோ ஞானம் பெற்றவன் மாதிரி திரும்பி வந்தான். “தலைவர் சொன்னது சரிதான் மச்சான்” என்று என்னிடமே சொன்னான். “என்னப் பாத்தா எனக்கே பத்து சில்லிங் தரத் தோணாது.”

அன்றிலிருந்து அவன் சாப்பிட ஆரம்பித்தான். பசிக்காகச் சாப்பிடவில்லை. வீடு கட்டுகிறவன் செங்கல் அடுக்குவதுபோல அடுக்கினான். விடிந்ததும் வாழைக்காய் மசியல், மேலே நிலக்கடலைக் குழம்பு. மத்தியானம் மறுபடியும் அதே மசியல், கூடக் கொழுப்போடு பன்றிக்கறி. சாயந்திரம் பாலும் பொரித்த மாவுருண்டையும். ஆலைக் கூலி முழுக்க வாய்க்குள் போயிற்று. என் தங்கை தியோபிஸ்தா வீட்டுக் கொல்லையில் விளைந்ததையெல்லாம் அவித்துக் கொட்டினாள். கிணற்றடியில் மற்றப் பெண்கள், “உன் வீட்டுக்காரர் நல்லாத் தேறிட்டாரே, உன் கைப் பக்குவம்” என்று சொல்லச் சொல்ல அவளுக்கும் பெருமை தாங்கவில்லை. ஒல்லிப் புருஷன் உள்ளவளை எங்கள் ஊரில் யாரும் மதிப்பதில்லை. அவளையும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சட்டைப் பொத்தான்கள் தெறிக்க ஆரம்பித்ததும் அகலமாக ஒரு கோட்டு தைத்துக்கொண்டு மறுபடி சங்கத்துக்குப் போனான். தலைவர் எழுந்து நின்று கை கொடுத்தாராம். ஜாமீன் கேட்கவில்லை, பத்திரம் கேட்கவில்லை. அதே பருவத்தில் தகரம் இறக்குவதற்காக நானும் கடன் கேட்டுப் போனேன், நிலப் பத்திரத்தோடு. “பாக்கலாம் மத்தியா, அடுத்த கூட்டத்துல வெச்சுப் பேசுவோம்” என்றார் தலைவர். அந்த அடுத்த கூட்டம் வரவே இல்லை.

விவசாயிகளும் அப்படித்தான். காப்பியை அளந்து கொடுத்துவிட்டுப் பணத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஏன் என்று ஒரு கிழவரிடம் கேட்டேன். “ஒல்லியா இருக்கறவன் பணத்த சுருட்டிக்கிட்டு கம்பாலா பஸ் ஏறிடுவான்யா. இவர் எங்க ஓடுவார்? பஸ் படியிலயே ஏற முடியாதே” என்றார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கொன்சாகா பெரிய ஆள் ஆனான். பெரிய ஆள் நடக்கக் கூடாது என்று யார் அவனுக்குச் சொன்னார்களோ தெரியாது. வீட்டுக்கு நேர் எதிரே இருக்கும் மாதா கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக வாடகை மோட்டார் சைக்கிளைக் கூப்பிடுவான். பின்சக்கரம் நசுங்க ஏறி உட்கார்ந்து, சாலையைக் குறுக்கே கடந்து, இறங்கிக் காசு கொடுப்பான். பங்குத் தந்தைகூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கை கொடுப்பார். சாயந்திரம் ஆனால் பன்றிக்கறி சுடுகிற கொட்டகையில் அவனுக்கென்று தனி பெஞ்சு. தனியாகவும் சாப்பிட மாட்டான். பெரிய ஆள் தின்பதை நாலு பேர் பார்க்க வேண்டும், அந்த நாலு பேருக்கும் அவன்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். பீர் பாட்டில்கள் மேசை நிறைய நிற்கும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். “வர்ற லாபத்துல பாதிய தின்னே தீக்கற. அதுல வருசத்துக்கு ஒரு துண்டு நெலம் வாங்கலாம்டா.”

“மச்சான், நீ இத தீனின்னு நெனைக்கற. இது வெளம்பரம்” என்று வயிற்றைத் தட்டிக் காட்டினான். “ரேடியோக்காரன் வெளம்பரத்துக்குக் காசு கேக்கறான். நான் என் மேலயே எழுதி வெச்சுக்கிட்டேன். நெலம் வாங்கினா எவனுக்குத் தெரியும்? நெலத்தத் தூக்கிக்கிட்டு சந்தைக்குப் போக முடியுமா?”

இந்தப் பேச்சோடு போயிருந்தால் அவனை ஒரு சாப்பாட்டு ராமன் என்று விட்டிருப்பேன். ஆனால் என் தம்பி பவுலினோ விஷயம் இருக்கிறது.

அந்த வருடங்களில் எங்கள் பக்கம் எய்ட்ஸ் வீடு வீடாகப் புகுந்துகொண்டிருந்தது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் மெலிவு. யாராவது மெலிந்தால் போதும், ஊர் அவனை மனதுக்குள் புதைத்துவிடும். பவுலினோ மெலிந்தான். அவனுக்குத் தோப்பு ஓரமாகக் கொஞ்சம் காப்பி நிலம் இருந்தது, விளைச்சலை வருடா வருடம் கொன்சாகாவுக்குத்தான் கொடுப்பான். மருந்துக்காக அந்தப் பருவத்துக் காப்பியின் பேரில் கொஞ்சம் முன்பணம் கேட்டுப் போனான். கொன்சாகா அவனை உள்ளே கூப்பிடவில்லை. வாசல் கேட்டுக்கு உள்பக்கம் நின்றபடியே பேசினான்.

“செடி நிக்கும் பவுலினோ, அதுல எனக்கு சந்தேகமில்ல. நீ நிப்பியா?”

தம்பி நேராக என் கடைக்கு வந்து தகரக் கட்டின் மேல் உட்கார்ந்து இதைச் சொன்னான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவன் சுபாவம் அது. காப்பி பழுப்பதற்கு முன்பே போய்விட்டான். அடக்கத்துக்குக் கொன்சாகா தன் லாரியில் சொந்த நாற்காலி கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தான், கறியை இரண்டு ஆள் பங்கு தின்றான். தியோபிஸ்தா அன்று அவனுக்குப் பரிமாறவில்லை. நான் அந்தப் பக்கமே போகவில்லை.

இரண்டு அறுவடை கழிந்திருக்கும். கொன்சாகாவுக்குத் தாகம் ஆரம்பித்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். தண்ணீர் ஏழைகள் குடிப்பது என்பதால் சோடாவுக்கு மாறினான். பெட்டி பெட்டியாக வாங்கி வைத்துக்கொண்டு காலையிலிருந்து குடிப்பான். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடிற்று. எடை போட்டுக்கொண்டிருக்கும்போதே பாதியில் எழுந்து கொல்லைக்கு ஓடுவான். பிறகு கழுத்துப்பட்டை தொளதொளக்க ஆரம்பித்தது. கன்னம் இறங்கிற்று.

தியோபிஸ்தா ஒரு நாள் கடைக்கு வந்து குரலைத் தணித்துச் சொன்னாள். “அண்ணே, பெல்ட்டுல புதுசா ஓட்ட போட்டுக்கறாரு. மறுபடியும் மறுபடியும் போடறாரு.”

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.”

“சொன்னா கேட்டாத்தான? யாரோ செய்வென வெச்சுட்டாங்கங்கறாரு. கிவும்பி மேல சந்தேகப்படறாரு.”

கிவும்பி இன்னொரு காப்பி வியாபாரி. அவன் செய்வினை ஒன்றும் வைக்கவில்லை. வைக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. ஊரே அவனுக்காக வேலை செய்தது. கொன்சாகாவின் லாரி போய் நின்றால், “காப்பி இன்னும் காயல ஐயா, மழ விடலயே” என்றார்கள். மறுநாள் கிவும்பியின் லாரி அதே முற்றத்தில் மூட்டை ஏற்றும். கறிக் கொட்டகையில் கொன்சாகா குடித்த கிளாசைத் தனியாக வைத்தார்கள். அவன் காசில் வருடக்கணக்காகத் தின்ற நாலு பேர் வேறு பெஞ்சுக்கு நகர்ந்துவிட்டார்கள். சங்கத்திலிருந்து ஆள் வந்தது. பருவம் முடியும்வரை காத்திருக்க முடியாது, கடனை இப்போதே அடைக்கத் தலைவர் சொன்னார் என்று. பவுலினோவிடம் கேட்ட அதே கேள்வியை அவனிடம் வாய்விட்டு யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அறிவுள்ளவன் இந்தக் கட்டத்தில் வைத்தியரைத் தேடுவான். கொன்சாகா தையல் ஊசியைத் தேடினான். பழைய கம்பளியை வெட்டி அகலமான பட்டையாகத் தைக்கச் சொல்லி வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். அதற்கு மேல் இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் சட்டை, கோட்டு. வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில் என் கடைக்கு வந்து நின்றான். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டிற்று.

“எப்படி இருக்கேன் மச்சான்? உள்ளதச் சொல்லு.”

“மழைல நனஞ்ச பஞ்சு மூட்ட மாதிரி இருக்க. ஆஸ்பத்திரிக்குப் போடா.”

“மெதுவாப் பேசு. அந்த வாசல்ல நான் நிக்கறத ஒருத்தன் பாத்தாப் போதும். நான் வெளிய வர்றதுக்குள்ள கடன்காரங்க வீட்டுக் கதவக் கழட்டிட்டுப் போயிருப்பாங்க.”

தியோபிஸ்தா பொறுத்துப் பார்த்தாள். அவளுக்கும் உயிர் இருக்கிறதே. யாரிடமும் சொல்லாமல் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்தாள். மெலிவு இல்லை என்று சொன்னார்கள். வரும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்து வீட்டில் அவனிடம் சொன்னாளாம்: “எனக்கு ஒண்ணும் இல்ல. அப்ப உங்களுக்கும் வேற ஏதாவதா இருக்கும். வாங்க, போய்ப் பாத்துடலாம்.”

அவன் முகத்தில் ஒரு நிம்மதி வர வேண்டுமே? பெண்டாட்டி பிழைத்தாள் என்று ஒரு வார்த்தை? “எந்த வாசல் வழியா போன? யாரு பாத்தாங்க?” என்றுதான் கேட்டான். அன்று முதல் அவள் அவனை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தாள். எனக்கு அந்தப் பார்வை பிடித்திருந்தது.

தலைவர் செப்யாலாவின் மகளைப் பெண் கேட்டு வரும் நாள் வந்தது. ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் கூடுகிற இடம். அங்கே தன்னைக் காட்டிவிட்டால் பேச்செல்லாம் அடங்கிவிடும் என்று கொன்சாகா கணக்குப் போட்டான். வெள்ளை அங்கி, மேலே கோட்டு, உள்ளே கம்பளி. பந்தலின் முன் வரிசையில் போய் உட்கார்ந்தான். நான் பின்னால் இருந்தேன். சோடா பாட்டில்களை ஒன்று மாற்றி ஒன்று காலி செய்துகொண்டிருந்தான். கண் பஞ்சடைந்து போயிருந்ததை அங்கிருந்தே பார்க்க முடிந்தது.

மாப்பிள்ளை வீட்டார் மண்டியிட்டு வணங்கியதும் பெண் வீட்டுப் பக்கத்து ஆண்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். கொன்சாகாவும் எழுந்தான். எழுந்த வேகத்தில் கம்பளியின் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அங்கிக்கு உள்ளேயே அது மெல்ல இறங்கிற்று. முதலில் இடுப்பு, பிறகு தொடை, பிறகு முழங்கால். கடைசியில் அவன் கால்களுக்கு நடுவே புல் பாயில் ஒரு பழுப்புக் கம்பளிச் சுருள் வந்து விழுந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியம்மாள், காது கேட்காதவர்கள் பேசுகிற சத்தத்தில், “ஐயா, உங்க வயிறு கீழ விழுந்துடுச்சு” என்றாள்.

அவன் அதை எடுக்கக் குனிந்தான், அப்படியே தலைகுப்புற விழுந்தான். எழுந்திருக்கவில்லை.

யாரும் அவனைத் தொடவில்லை. இதை நான் என் கண்ணால் பார்த்தேன். தொந்தியும் கோட்டுமாக நின்ற அத்தனை பெரிய மனிதர்களும் ஒரு அடி பின்னால் போனார்கள். நான் நாற்காலிகளைத் தாண்டி வருவதற்குள் தியோபிஸ்தா பெண்கள் வரிசையிலிருந்து ஓடி வந்து அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்திருந்தாள். தலைவர் என் காதருகே வந்தார்.

“மத்தியா, சீக்கிரம் தூக்கிட்டுப் போ. நல்ல காரியம் நடக்கற எடம். செத்துகித்து வெச்சான்னா…”

“உங்க காரத் தாங்க தலைவரே.”

“அது பூ ஜோடிச்சு நிக்குதேப்பா.”

வாழைக்குலை ஏற்றி வந்த ஒரு பிக்கப் வண்டியில் போட்டுக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரிக் கன்னியாஸ்திரி விரல் நுனியில் குத்திப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். சர்க்கரை. இன்னும் கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் பிணத்தைத்தான் கொண்டுவந்திருப்போம் என்றாள்.

நினைவு திரும்பியதும் கொன்சாகா கேட்ட முதல் கேள்வி, “மெலிவு?”

“அதுவும் பாத்துட்டோம். அது இல்ல. உங்களுக்கு இருக்கறது சர்க்கர வியாதி.”

அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டிற்று. சரி, சாவைத் தொட்டுவிட்டு வந்தவன், மனம் இளகியிருக்கிறது என்று நானும் அவன் கையைப் பிடித்தேன். அவன் என்னைப் பக்கத்தில் இழுத்தான்.

“மச்சான், ரேடியோவுல சாவுச் செய்தி சொல்றாங்கள்ல? அந்த நேரத்துல எனக்கும் ஒண்ணு சொல்லச் சொல்ல முடியுமா? ‘நியெண்டோ கொன்சாகா லுப்வாமாவுக்கு வெறும் சர்க்கரதான்’னு. எவ்ளோ கேப்பாங்க?”

கையை விட்டுவிட்டேன்.

கன்னியாஸ்திரி பொறுமைசாலி. அவனையும் தியோபிஸ்தாவையும் உட்கார வைத்துச் சொன்னாள். ஊசி தவறக் கூடாது. வாழைக்காய் மசியல் ஒரு பிடி போதும், பீன்ஸும் கீரையும் நிறையச் சேர்க்க வேண்டும். சோடா, பீர், பன்றிக் கொழுப்பு வேண்டாம். தினமும் வீட்டிலிருந்து கிடங்குக்கு நடந்தே போக வேண்டும். “இப்ப இருக்கற எட உங்களுக்கு நல்ல எட. இதுக்கு மேல ஏறாமப் பாத்துக்குங்க. நல்லாவே வாழலாம்” என்றாள்.

அவன் சாபம் வாங்கியவன்போல அவளைப் பார்த்தான். “இந்த எடைக்கு எனக்கு எவனும் ஒரு சில்லிங் தரமாட்டான் சிஸ்டர்.”

“உயிரோட இருந்தாத்தான கடன் வாங்குவீங்க?” என்றாள் அவள்.

அதற்கு வீட்டுக்கு வந்ததும் அவனே ஒரு பதில் கண்டுபிடித்தான். ஊசி போட்டால் உடம்பு தேறுகிறது. அப்படியானால் ஊசி போட்டுக்கொண்டு தின்னலாம். “ஊசி அதுக்குத்தான இருக்கு?” என்று என்னிடமே கேட்டான். தியோபிஸ்தா கீரையும் பீன்ஸும் சமைத்து வைத்தால் ஒரு வாய் வைத்துவிட்டு, மோட்டார் சைக்கிளைக் கூப்பிட்டுக் கறிக் கொட்டகைக்குப் போய்விடுவான். நிறையத் தின்றால் இன்னும் கொஞ்சம் ஊசி. பணம் முடைப்பட்டால் ஊசியை நிறுத்துவான், கறியை நிறுத்தமாட்டான்.

தொந்தி திரும்ப வந்தது. அதோடு ஊரும் திரும்ப வந்தது. இந்த ஊரை என்னவென்று சொல்ல? கிளாசைத் தனியாக வைத்தவர்கள் அதே கையால் அவன் தோளைத் தட்டினார்கள். “நாங்க அன்னிக்கே சொன்னோம், அது அந்த நோய் இல்லன்னு” என்றார்கள். காப்பி மூட்டைகள் மழை பெய்யும்போதே காய்ந்துவிட்டன. தலைவர் செப்யாலா பழைய கடனை அடைப்பதற்காகப் புதிதாக, இன்னும் பெரிய கடன் கொடுத்தார். இந்த முறை வீட்டை எழுதி வாங்கிக்கொண்டார் என்பதைக் கொன்சாகா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தியோபிஸ்தா கையெழுத்துப் போட மறுத்தாள். அவள் கையெழுத்து தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பணத்தில் அவன் வாங்கியவற்றில் ஒன்று கம்பாலாவிலிருந்து வரவழைத்த கூர்மூக்கு ஷூ, பளபளவென்று. அது இடது கால் சுண்டுவிரலைக் கடித்தது. சர்க்கரை அவன் காலை முன்பே மரக்கட்டையாக ஆக்கியிருந்ததால் அவனுக்கு வலி தெரியவில்லை. வீட்டில் நாற்றம் வருகிறதே, எலி செத்துக் கிடக்கிறதா என்று தியோபிஸ்தா அலமாரிக்குப் பின்னாலெல்லாம் தேடியிருக்கிறாள். கடைசியில் அவன் காலுறையைக் கழற்றினாள்.

அப்போதும் உடனே போகவில்லை. பருவம் நடக்கிறது, நொண்டிக்கொண்டு போனால் விவசாயிகள் என்ன நினைப்பார்கள் என்றான். சந்தையில் விற்கிற ஏதோ பட்டைப் பொடியை அப்பிக்கொண்டு லாரியிலிருந்து இறங்காமலே வியாபாரம் பேசினான். ஆஸ்பத்திரிக்குப் போனபோது விரலில் ஆரம்பித்தது கணுக்காலைத் தாண்டியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு லாரி போயிற்று. லாரி இல்லாததால் காப்பி கிவும்பியிடம் போயிற்று. காப்பி இல்லாததால் கிடங்கு போயிற்று. வீட்டுக்குத் தலைவரே நேரில் வந்தார். நானும் இருந்தேன். வருத்தமான முகத்தோடு ஆப்பிள்கூட ஒரு பை வாங்கி வந்திருந்தார், வீட்டைப் பிடுங்க வந்தவர்.

கொன்சாகா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். “தலைவரே, என் உடம்பப் பாருங்க. எங்கயாவது கொறஞ்சிருக்கா? அப்படியேதான இருக்கேன்?”

“அதெல்லாம் சரி கொன்சாகா. காலு போயிடுச்சே?”

“காலுக்கென்ன தலைவரே? நான் எப்பவாவது நடந்து பாத்திருக்கீங்களா?”

தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டை எடுத்துக்கொண்டார்.

இப்போது அவர்கள் என் கடைக்குப் பின்னால் இருக்கும் அறைகளில் இருக்கிறார்கள். அவனுக்காகக் கொடுக்கவில்லை, என் தங்கைக்காகக் கொடுத்தேன். பவுலினோவின் நிலத்தை அவள் பார்த்துக்கொள்கிறாள். பீன்ஸ், கீரை, ஓரமாகக் காப்பி. விடியற்காலையில் நடந்து போகிறாள், கூடையோடு நடந்து வருகிறாள். ஒல்லியாகிவிட்டாள். கிணற்றடிப் பெண்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன். “கேக்கறதுக்கு நேரம் இல்ல அண்ணே” என்றாள். சங்கத்தில் தன் பெயரில் ஒரு பங்கும் வாங்கியிருக்கிறாள்.

கொன்சாகா ஊன்றுகோலோடு கடை வாசலில் உட்கார்ந்திருப்பான். கணக்குச் சாப்பாடுதான். தட்டைப் பார்த்து ஒவ்வொரு வேளையும் தகராறு.

“மச்சான், உன் தங்கச்சி என்னப் பட்டினி போட்டுக் கொல்றா. நீயே வந்து பாரு, இது மனுசன் சாப்பாடா? முயல் சாப்பாடு.”

“முயலுக்கு நாலு காலும் இருக்கு” என்பாள் அவள் உள்ளேயிருந்து.

வியாழக்கிழமைகளில் மிஷன் ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்காரர்களுக்கு மருந்து கொடுப்பார்கள். அவள்தான் கூட்டிப் போவாள். போன மாதம் ஒரு வியாழக்கிழமை வரிசையில் ஒருவர் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுச் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். செய்தித்தாளால் மூட முடியாத உடம்பு. கொன்சாகா பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்திருக்கிறான்.

“இங்க வந்து உக்காருங்க தலைவரே. ஊசி அவ்வளவா வலிக்காது.”

“நான் ஒரு நோயாளியப் பாக்க வந்தேன்பா” என்றாராம் செப்யாலா.

“சரி தலைவரே, உக்காந்தே பாருங்க.”

தியோபிஸ்தா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுகாலமாயிற்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆள் அடுத்த வாரமே சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் எல்லார் கண்ணுக்கும் படுகிற மாதிரி நடுவில் உட்கார்ந்துகொண்டு மூன்று தட்டுச் சாப்பிட்டார். கூட்டம் அதை வாய் திறந்து பார்த்தது. பிறகு தலைவர் தேர்தல். கை தூக்கும் வாக்கெடுப்பு. மறுபடியும் செப்யாலாவே என்றார்கள், கைகள் காடு மாதிரி எழுந்தன. எதிர்ப்பவர்கள் என்று கேட்டபோது நான் தூக்கினேன், தியோபிஸ்தா தூக்கினாள்.

கொன்சாகா எங்கள் இருவருக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் செப்யாலாவுக்குத்தான் தூக்கினான்.